எருக்குவியலின் சூடு

"பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள்!" என்ற செய்தி வருடத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு வந்துவிடும். கூடவே ஒரு படம்: கடல், ஆமை, மிதக்கும் பாட்டில்கள். யாராவது ஒருவர் கைகூப்பும் பொம்மை போடுவார். இன்னொருவர் "இயற்கை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்" என்று எழுதுவார். அத்தோடு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

செய்தி பொய்யல்ல. 2016 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரைதான் அதன் ஊற்றுக்கண். ஒசாகா மாகாணத்தின் சகாய் நகரில் பெட் பாட்டில்களை மறுசுழற்சி செய்யும் ஓர் இடம். அங்கிருந்த மண், சேறு, கழிவுநீர் என்று 250 மாதிரிகளை எடுத்து அலசியதில், பெட் பிளாஸ்டிக்கையே உணவாகக் கொண்டு வளரும் ஒரு பாக்டீரியா சிக்கியது. ஊர்ப் பெயரையே வைத்து 'இடியோனெல்லா சகாயென்சிஸ்' என்று அழைத்தார்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஆறு வாரங்களில் ஒரு மெல்லிய பெட் படலத்தை அது முழுக்கக் கரைத்துவிட்டது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் பிரான்ஸில் ஒரு நிறுவனம் பழைய பாட்டில்களை நொதியால் பிரித்து, அதிலிருந்து புதிய பாட்டில் செய்து காட்டியபோது, அந்த வேலையைச் செய்தது சகாய் பாக்டீரியாவின் நொதி அல்ல. 2012ல் வெளியாகி, துறைக்கு வெளியே யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. அதுவும் அதே ஒசாகா மாகாணம்தான். பிளாஸ்டிக் குவிந்த இடமல்ல, ஒரு பூங்காவின் இலைதழைக் குவியல்.

நாயகன் ஏன் தோற்றான்? இலைக்குப்பை ஏன் ஜெயித்தது? ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம்: சூடு. இந்தக் கட்டுரை அந்தச் சூட்டின் வரலாறு. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், உயிர்வேதியியல்காரன் அல்ல. ஆனால் ஒரு பொறியியல் பிரச்சினை எப்படி முடிச்சு விழுந்து, எப்படி அவிழ்கிறது என்று பார்ப்பதில் எனக்கு ஆசை அதிகம். இது அப்படிப்பட்ட முடிச்சு.

இஸ்திரி தாங்கும் நூல்

முடிச்சைப் போட்டது யார் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1920களின் இறுதியில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் வாலஸ் கரோதர்ஸ் என்ற இளம் வேதியியலாளரை வேலைக்கு எடுத்தது. சிறு மூலக்கூறுகளைக் கொக்கி போட்டுச் சங்கிலியாக்கினால் நூல் கிடைக்குமா என்பது அவர் ஆராய்ச்சி. ஓர் அமிலத்தையும் ஓர் ஆல்கஹாலையும் சேர்த்தால் இடையிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு கழன்றுபோய் 'எஸ்டர்' என்ற இணைப்பு உருவாகும். அப்படி ஆயிரக்கணக்கில் இணைத்தால் பாலியெஸ்டர். 1930ல் கரோதர்ஸின் குழு அதிலிருந்து நூல் இழுத்தும் காட்டிவிட்டது. பிரச்சினை என்னவென்றால், அந்த நூல் 100 டிகிரிக்குள்ளேயே உருகியது. வெந்நீரில் துவைக்க முடியாது, இஸ்திரி போட முடியாது. அப்படி ஒரு சட்டையை யார் வாங்குவார்கள்? கரோதர்ஸ் பாலியெஸ்டரை ஓரமாக வைத்துவிட்டு வேறு வகைச் சங்கிலிக்குப் போனார். அது நைலான் ஆயிற்று. நைலான் கடைக்கு வருவதற்கு முன்பே, 1937ல், அவர் தற்கொலை செய்துகொண்டார்.

அவர் விட்ட இடத்தை இங்கிலாந்தில் பிடித்தவர்கள் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும். இருவரும் 'கேலிகோ பிரின்டர்ஸ் அசோசியேஷன்' என்ற துணி அச்சு நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள். (கேலிகோ என்றால் நம் கோழிக்கோடு. அந்தத் துறைமுகத்திலிருந்து போன பருத்தித் துணியின் பெயர்தான் அது. பருத்தி அச்சடிக்கும் கம்பெனிதான் பருத்திக்குப் போட்டியைப் பெற்றெடுத்தது.) கரோதர்ஸ் பயன்படுத்திய அமிலம் கயிறுபோல வளைந்துகொடுப்பது. அதற்குப் பதிலாக நடுவே பென்சீன் வளையம் கொண்ட டெரெஃப்தாலிக் அமிலத்தை வின்ஃபீல்டு போட்டார். வளையம் வளையாது. கயிற்றுக்குள் இடைவெளி விட்டு மூங்கில் துண்டுகளைச் சொருகியது மாதிரி சங்கிலி விறைத்துக்கொண்டது. உருகும் வெப்பநிலை 250 டிகிரியைத் தாண்டியது. வருடம் 1941. பாலியெத்திலின் டெரெஃப்தாலேட், சுருக்கமாக பெட். பிரிட்டனில் டெரிலின், அமெரிக்காவில் டேக்ரான். நம் வீடுகளில் 'டெரிகாட்டன்' என்ற சொல்லுக்குள் இன்னமும் அது இருக்கிறது.

துணியாக இருந்தது பாட்டிலானது 1973ல். டூபான்டின் பொறியாளர் நதானியேல் வையத், ஓவியர் ஆண்ட்ரூ வையத்தின் அண்ணன். அன்றைய பிளாஸ்டிக் பாட்டிலில் சோடா ஊற்றி வைத்தால் அழுத்தத்தில் வீங்கிப்போகும். பெட்டைச் சரியான சூட்டில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து ஊதினால் சங்கிலிகள் வரிசையில் படிந்து, பாட்டில் அழுத்தத்தைத் தாங்கும் என்று அவர் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார்.

ஆக, பெட்டின் கதையில் இரண்டு முடிவுகள் நடந்திருக்கின்றன. ஒன்று, சங்கிலியை விறைப்பாக்கியது. இரண்டு, விறைத்த சங்கிலிகளை நெருக்கமாக அடுக்கியது. இரண்டும் நல்ல காரணங்களுக்காக எடுத்த நல்ல முடிவுகள். பின்னால் வந்தவர்கள் உடைக்கத் திணறியது இந்த இரண்டையும்தான்.

இரண்டு மதிப்பெண் கேள்வி

பொறியியல் முதலாண்டு வேதியியலில் பாலிமர் என்று ஒரு யூனிட் உண்டு. 'கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்றால் என்ன?' என்பது அதில் நிரந்தர இரண்டு மதிப்பெண் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துபோகிற வகை. பிளாஸ்டிக் மறுசுழற்சியின் பாதி விதி அந்த இரண்டு மதிப்பெண்ணுக்குள் இருக்கிறது.

கமர்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்திருக்கும்போது கல். கடித்தால் பல் போகும். வாயில் கொஞ்ச நேரம் சூடேறினால் அதே கமர்கட்டு இழுவைக்கு வரும். அது உருகித் தண்ணீராகிவிடவில்லை. உள்ளே இருக்கும் மூலக்கூறுகளுக்கு நகர்வதற்கு இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். பெட்டுக்கு இந்தப் பதம் வருவது சுமார் 70 டிகிரியை ஒட்டி. அதற்குக் கீழே அது கண்ணாடி. சங்கிலிகள் உறைந்து கிடக்கும்.

இப்போது நொதியின் பக்கம் வருவோம். நொதி என்பது ஒரு புரதம். அதன் உடலில் ஒரு பள்ளம் இருக்கும். சங்கிலியின் ஒரு பகுதி அந்தப் பள்ளத்துக்குள் வந்து சரியாக உட்கார்ந்தால்தான் எஸ்டர் இணைப்பை அறுக்க முடியும். அறுப்பது என்றால், சேரும்போது கழன்றுபோன நீர் மூலக்கூறைத் திருப்பிக் கொடுப்பது. உறைந்து கிடக்கும் சங்கிலி எப்படி எழுந்து வந்து பள்ளத்தில் உட்காரும்? 30 டிகிரியில் நொதி மேற்பரப்பைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம். வேகம் வேண்டுமென்றால் பெட் இளகும் 70 டிகிரிக்குப் போயாக வேண்டும்.

ஆனால் 70 டிகிரியில் பெரும்பாலான புரதங்கள் வெந்துவிடும். முட்டை வெள்ளைக்கரு கெட்டியாக ஆரம்பிப்பதே 60 டிகிரியை ஒட்டித்தான். சகாய் பாக்டீரியாவின் நொதி 40 டிகிரியைத் தாண்டினாலே தளர்ந்துவிடுகிறது. அது அதன் குற்றமில்லை. அந்த பாக்டீரியா வாழ்வது நாம் வாழும் சூட்டில். அதற்கு அவசரமும் இல்லை. ஆறு வாரம் என்பது பாக்டீரியாவுக்குச் சாப்பாடு, தொழிற்சாலைக்கு நஷ்டம்.

ஆக, கேள்வி இப்படி மாறுகிறது: எஸ்டரை அறுக்கத் தெரிந்த, 70 டிகிரியில் வேகாத ஒரு புரதம் எங்கே கிடைக்கும்?

வெந்நீரில் வாழ்ந்தவை

வேகாத புரதம் என்று ஒன்று இருக்க முடியும் என்பதையே உலகம் நம்ப ஆரம்பித்தது 1960களில்தான். நம்ப வைத்தவர் தாமஸ் பிராக். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியர். 1964ல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைப் பார்க்கப் போனவர் அங்கே கொதிக்கும் ஊற்றுகளின் ஓரம் படிந்திருந்த வண்ணங்களைப் பார்த்தார். அவை உயிர்கள். 80 டிகிரிக்கு மேலான ஓடையில்கூட இளஞ்சிவப்பு இழைகள் ஆடிக்கொண்டிருந்தன.

வெப்பத்தை விரும்பும் பாக்டீரியாக்கள் அதற்கு முன்பும் தெரிந்தவைதான். ஆனால் ஆய்வகங்களில் அவற்றை 55 டிகிரியில் வளர்ப்பது வழக்கம். 55ல் வைத்துத் தேடினால் 55ல் வளர்பவைதானே கிடைக்கும்? பிராக்கும், அப்போது இளங்கலை மாணவராக இருந்த ஹட்சன் ஃப்ரீஸும் 70 டிகிரியில் வைத்துத் தேடினார்கள். 'மஷ்ரூம் ஸ்பிரிங்' என்ற ஊற்றில் 1966ல் எடுத்த மாதிரியிலிருந்து ஒரு பாக்டீரியா வளர்ந்தது. 'தெர்மஸ் அக்வாட்டிகஸ்' என்று பெயரிட்டு 1969ல் அறிவித்தார்கள். பொதுச் சேகரிப்பு ஒன்றில் ஒரு மாதிரியைக் கொடுத்தும் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

பிராக்குக்கு எந்தப் பயனும் மனதில் இல்லை. உயிர் எவ்வளவு சூடு வரை தாங்கும் என்று பார்க்க ஆசைப்பட்டார், அவ்வளவே. 1976ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் சியனும் சக ஆய்வாளர்களும் அந்த பாக்டீரியாவிலிருந்து டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியைப் பிரித்தார்கள். 1983ல் கேரி முல்லிஸ் பி.சி.ஆர். முறையை யோசித்தார். அந்த முறையில் ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ.வை 95 டிகிரி அளவுக்குச் சூடாக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும். சாதாரண நொதி ஒவ்வொரு தடவையும் வெந்துபோகும், மறுபடி ஊற்ற வேண்டும். யெல்லோஸ்டோன் நொதியைப் போட்டதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை வரைக்கும் அந்தக் கோடு நீள்கிறது.

இந்தக் கதைக்குப் பிறகு சூடான இடங்கள் எல்லாம் ஒரு பண்டசாலையாகத் தெரிய ஆரம்பித்தன. வெந்நீர் ஊற்று, எரிமலை ஓரம், ஆழ்கடல் வெடிப்பு என்று தேடல் விரிந்தது. பெட்டை அறுக்கும் நொதி மட்டும் இவ்வளவு சாகசமான எந்த இடத்திலும் இல்லை. குப்பையில் இருந்தது.

இலையும் பாலியெஸ்டர் சட்டை போட்டிருக்கிறது

ஏன் குப்பை? அதற்கு ஓர் இலையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மேலே வழுவழுப்பான ஒரு தோல் இருக்கிறது. 'தாமரை இலைத் தண்ணீர்' என்று நாம் பழமொழி பேசுவதற்குக் காரணமான மெழுகு, அந்தத் தோலின் மேல் பூசியது. அடியில் இருப்பது 'க்யூட்டின்'. கொழுப்பு அமிலங்கள் எஸ்டர் இணைப்புகளால் கோத்த வலை. அதாவது, இயற்கையான ஒரு பாலியெஸ்டர். செடிகள் நிலத்துக்கு வந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அன்றிலிருந்து காய்ந்துபோகாமல் இருக்க இந்தச் சட்டையைப் போட்டிருக்கின்றன.

சட்டை இருந்தால் அதைக் கிழிப்பவனும் இருப்பான். இலைக்குள் நுழைய நினைக்கும் பூஞ்சைக்கும், விழுந்த இலையைத் தின்ன நினைக்கும் பாக்டீரியாவுக்கும் முதல் தடை இந்தத் தோல். அதைக் கரைக்க அவை வைத்திருக்கும் நொதிக்குப் பெயர் 'க்யூட்டினேஸ்'. 1970களில் கேரளத்தில் பிறந்த உயிர்வேதியியலாளர் பாப்பச்சன் கொலாட்டுகுடி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 'ஃபுசேரியம்' பூஞ்சையிலிருந்து க்யூட்டினேஸைத் தூய்மையாகப் பிரித்தார். பயிர் நோய்க்கிருமி செடிக்குள் எப்படி நுழைகிறது என்பது அவருடைய கேள்வி. பிளாஸ்டிக் யார் மனதிலும் இல்லை.

இப்போது இலைகள் குவிந்த ஓர் எருக்குவியல். உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தின்று மூச்சுவிடும்போது வரும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்கும். மார்கழிக் காலையில் எருக்குவியலைக் கிளறி ஆவி பறக்கப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடுப்பகுதி 60, 70 டிகிரி வரை போகும். அங்கே வாழ வேண்டுமென்றால் இரண்டு தகுதிகள் தேவை: இலையின் பாலியெஸ்டரை அறுக்கத் தெரிய வேண்டும், அந்தச் சூட்டில் வேகாமல் இருக்க வேண்டும். நாம் தேடிக்கொண்டிருந்த வேலைக்கான தகுதிகளும் அவைதானே.

முதல் துப்பு ஜெர்மனியில் கிடைத்தது. பென்சீன் வளையம் உள்ள பாலியெஸ்டரை நுண்ணுயிர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்பது அதுவரை பொதுவான எண்ணம். 2005ல் பிரவுன்ஷ்வைக் நகர ஆய்வு நிறுவனத்தில் ரோல்ஃப் யோவாகிம் முல்லரின் குழு, 'தெர்மோபிஃபிடா ஃபுஸ்கா' என்ற எருக்குவியல் பாக்டீரியாவின் நொதியை எடுத்துப் பார்த்தது. பாட்டில் பெட்டை உருக்கி, படிகத்தன்மையைக் குறைத்து, 55 டிகிரியில் அந்த நொதியோடு வைத்தார்கள். மூன்று வாரத்தில் ஏறக்குறைய பாதி எடை போயிருந்தது. பெட்டைத் தொட முடியும், ஆனால் சூடு வேண்டும், படிகம் குறைய வேண்டும் என்ற இரண்டு விதிகளும் அப்போதே தெரிந்துவிட்டன.

அடுத்தது ஒசாகா. 1970ல் ஆசியாவின் முதல் உலகப் பொருட்காட்சி அங்கே நடந்தது. 'மனிதகுலத்துக்கு முன்னேற்றமும் இணக்கமும்' என்பது முழக்கம். ஆறு மாதத்தில் 6 கோடிக்கும் மேற்பட்டோர் வந்து எதிர்காலத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். முடிந்ததும் அரங்குகளை இடித்துவிட்டு மரம் நட்டார்கள். டாரோ ஒகமோட்டோவின் 'சூரிய கோபுரம்' மட்டும் மரங்களுக்கு மேலே இன்னமும் நிற்கிறது. மரம் வளர்ந்தால் கிளை வெட்ட வேண்டும். வெட்டிய இலை, கிளைகளோடு யூரியா கலந்து, அவ்வப்போது கிளறி, அந்தப் பூங்காவிலேயே மட்க வைக்கிறார்கள்.

ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஷிகெனோரி கனாயாவின் குழு இந்தக் குவியலிலிருந்து மாதிரி எடுத்தது. அதிலிருந்த உயிர்களை வளர்க்க அவர்கள் முயலவில்லை. நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை ஆய்வகத்தில் வளராது. அதனால் மொத்தக் குப்பையின் டி.என்.ஏ.வையும் பிரித்து, துண்டு துண்டாக்கி, பழகிய ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் நுழைத்து, எந்தத் துண்டு கொழுப்பை அறுக்கிறது என்று தேடினார்கள். மென்பொருள்காரனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், எழுதியவன் யாரென்று தெரியாத ஒரு கோடை எடுத்து, தன் கணினியில் ஓட்டி, என்ன செய்கிறது என்று பார்ப்பது. அதில் கிடைத்த ஒரு க்யூட்டினேஸ் பெட்டையும் அறுத்தது. 70 டிகிரியிலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. 2012ல் சின்தாவீ சுலைமான் முதல் ஆசிரியராக அந்தக் கட்டுரை வந்தது. நொதிக்கு ஆடம்பரப் பெயர்கூட வைக்கவில்லை. 'இலை கிளை மட்கு க்யூட்டினேஸ்', ஆங்கில எழுத்துகளில் எல்.சி.சி. அந்த மரபணு எந்த உயிருக்குச் சொந்தம் என்பதே தெரியாமல், நொதி மட்டும் கைக்கு வந்தது.

நான்கு வருடம் கழித்து அதே மாகாணத்தில் சகாய் பாக்டீரியா வந்து எல்லா வெளிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. அறிவியலாகப் பார்த்தால் அதற்குத் தகுதி உண்டு. 1941க்கு முன் உலகில் யாரும் செய்திராத ஒரு பொருளைச் சாப்பாடாக்க ஓர் உயிர் கற்றிருக்கிறது என்பது சாதாரண விஷயமில்லை. அதன் நொதியும் க்யூட்டினேஸ் குடும்பத்தின் உறவுக்காரன்தான். ஆனால் உறவு வேறு, வேலை வேறு.

209 மாதிரிகள்

வேலைக்கு எடுத்தவர்கள் பிரான்ஸின் துலூஸ் நகர ஆய்வாளர்களும் கார்பியோஸ் நிறுவனமும். அலன் மார்ட்டி, இசபெல் ஆந்த்ரே ஆகியோரின் குழு முதலில் தெரிந்த நொதிகள் சிலவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டது. சகாய் நொதியும் போட்டியில் இருந்தது. எல்.சி.சி. தெளிவாக முந்தியது.

ஆனால் அதுவும் நீண்ட நேரம் தாங்கவில்லை. அதன் உடலில் ஓர் இடத்தில் கால்சியம் அயனி உட்கார்ந்தால் நொதி உறுதியாகிறது. தொழிற்சாலையில் கால்சியத்தைக் கொட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் அந்த இடத்தில் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றி, கந்தகத்தால் ஒரு பாலம் போட்டார்கள். சட்டைக்குப் பொத்தான் வைத்த மாதிரி. நொதி குலையும் வெப்பநிலை சுமார் 10 டிகிரி ஏறி 94ஐ ஒட்டி வந்தது.

அடுத்து, சங்கிலி உட்காரும் பள்ளம். அதைச் சுற்றி முக்கியமான 11 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் இருக்கும் அமினோ அமிலத்துக்குப் பதிலாக மற்ற 19ஐயும் போட்டுப் பார்த்தால் 209 மாதிரிகள். எல்லாவற்றையும் பார்த்தார்கள். நேர்த்தியான கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில் மிச்சத்தைப் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சோதிப்பது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

2020 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. ஒரு கிராம் பெட்டுக்கு 3 மில்லிகிராம் நொதி, 72 டிகிரி, 10 மணி நேரத்துக்குள் 90 சதவீதம் பெட் அதன் மூலப்பொருள்களாகப் பிரிந்துவிட்டது. அந்த மூலப்பொருளிலிருந்து மறுபடி பாட்டிலும் ஊதிக் காட்டினார்கள். ஆறு வாரம் என்பது பத்து மணி நேரமாயிற்று.

நொதி 94 வரை தாங்குமே, ஏன் 72ல் நிறுத்தினார்கள்? இங்கேதான் பெட் தன் இரண்டாவது பூட்டைக் காட்டுகிறது. சூடு ஏறினால் சங்கிலிகள் நகரும். நகர்ந்தால் நொதிக்கு இரையாகலாம், இல்லையென்றால் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிப் படிகமாகிவிடலாம். படிகமானால் நொதியால் தொட முடியாது. சூடு கூடக் கூடப் படிகமாவதும் வேகமாகிறது. 75 டிகிரியிலேயே படிகம் முந்த ஆரம்பித்துவிடுகிறது. குறைந்தால் கண்ணாடி, கூடினால் படிகம். நடுவில் ஒரு சின்ன ஜன்னல். 72 என்பது அந்த ஜன்னலின் அளவு.

அதற்குப் பிறகு வந்தவர்களும் அந்த ஜன்னலைத்தான் குறிவைக்கிறார்கள். 2022ல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் சகாய் நொதியைப் படிப்படியாக மாற்றி, 80 டிகிரிக்கு மேல் வரை குலையாத ஒரு வடிவத்தை உருவாக்கினார்கள். நாயகனுக்குக் கடைசியில் சூடு பழக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு டெக்சாஸில் எந்திரக் கற்றல் மூலம் ஐந்து மாற்றங்களைக் கண்டுபிடித்து, 50 டிகிரியில் நன்றாக வேலை செய்யும் நொதியைச் செய்தார்கள். ஜெர்மனியின் லைப்சிக்கில் இன்னொரு வேகமான நொதி கிடைத்தது. எங்கிருந்து? ஒரு கல்லறைத் தோட்டத்தின் எருக்குவியலிலிருந்து. மறுபடியும் இலைகள், மறுபடியும் சூடு.

சூட்டுக்கு யார் காசு கொடுப்பது

இவ்வளவும் சொல்லிவிட்டு 'ஆக, பிரச்சினை தீர்ந்தது' என்று முடித்தால் நானும் இன்னொரு வாட்ஸப் செய்தி எழுதியவனாவேன்.

எருக்குவியலில் சூடு இலவசம். தொழிற்சாலையில் அது கரண்ட் பில். பாட்டிலை அப்படியே தொட்டியில் போட முடியாது. வையத் இழுத்து அடுக்கிய படிகத்தைக் கலைக்க முதலில் உருக்க வேண்டும், சட்டென்று குளிரவைக்க வேண்டும், பொடியாக்க வேண்டும். பிரியும்போது அமிலம் உருவாகிறது, அதைச் சமன்செய்ய காஸ்டிக் சோடா ஊற்ற வேண்டும், முடிவில் சோடியம் சல்ஃபேட் உப்பு மிஞ்சுகிறது. இத்தனைக்கும் பிறகு வரும் பெட், கச்சா எண்ணெயிலிருந்து புதிதாக வரும் பெட்டோடு விலையில் மோத வேண்டும். கார்பியோஸ் பிரான்ஸின் லாங்லவில் என்ற ஊரில் ஆண்டுக்கு 50,000 டன் கொள்ளளவு கொண்ட ஆலைக்கு 2024 ஏப்ரலில் அடிக்கல் நாட்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே, நிதி கைக்கு வரும்வரை வேலையைத் தள்ளிப்போடுவதாக அறிவித்தது. நொதி சூட்டைத் தாங்கிவிட்டது, வரவு செலவுக் கணக்கு தாங்கவில்லை.

இன்னொன்று. இந்த நொதிகள் அறுப்பது எஸ்டரை. மளிகைக்கடைப் பையின் பாலித்தீனிலும் சோற்று டப்பாவின் பாலிப்ராப்பிலினிலும் எஸ்டர் கிடையாது. கரியும் கரியும் நேராகக் கைகோத்த சங்கிலி. நொதிக்குப் பிடிமானமே இல்லை. 2019ல் உலகில் சுமார் 35 கோடி டன் பிளாஸ்டிக் கழிவு சேர்ந்தது, அதில் மறுசுழற்சியானது 9 சதவீதம் என்கிறது ஓ.இ.சி.டி. கணக்கு. அந்தக் கழிவில் பெட் ஒரு பங்குதான்.

அப்படியானால் இதெல்லாம் வீணா? இல்லை. வழக்கமான மறுசுழற்சியில் பாட்டிலை உருக்கி வார்க்கிறோம். ஒவ்வொரு தடவையும் சங்கிலி குட்டையாகி, தரம் இறங்கி, கடைசியில் குப்பைக்கே போகிறது. நிறம் போட்டதும் கலப்படத் துணியும் அந்த வழிக்கே லாயக்கில்லை. உலகின் பெட்டில் பெரும்பங்கு பாட்டில் அல்ல, துணி. நொதி மூலப்பொருள் வரைக்கும் பிரிப்பதால், பழைய பாலியெஸ்டர் சட்டையைக்கூடப் புதிய பெட்டாக்க முடியும். இது உண்மையான லாபம். ஆனால் அந்தச் சட்டையும் பாட்டிலும் தொட்டி வரை வந்து சேர வேண்டும். நம் ஊரில் அந்தப் பயணத்தின் முதல் கட்டம் தோளில் சாக்கு தொங்கும் ஒருவரின் கையில் இருக்கிறது. அவர் பொறுக்காத பாட்டிலுக்கு எந்த நொதியும் இல்லை.

இதனால்தான் எந்தக் கதையை நாம் நினைவில் வைக்கிறோம் என்பது முக்கியமாகிறது. சகாய் கதையைத் தலைப்பளவில் படித்தால் ஓர் ஆறுதல் கிடைக்கிறது: நாம் போட்ட குப்பையைத் தின்ன இயற்கையே ஓர் ஆளை அனுப்பிவிட்டது, சாதாரண வெப்பத்தில், தானாக, ஓசையில்லாமல். பெட் தண்ணீரைவிடக் கனமானது. மூடி போட்டுக் காற்றடைத்த பாட்டில்தான் மிதக்கும், உடைந்த துண்டு மூழ்கும். ஆழ்கடலின் வெப்பம் 4 டிகிரியை ஒட்டி. அங்கே பெட் என்றென்றைக்கும் கண்ணாடிதான். எந்தச் சங்கிலியும் எழுந்துவந்து யார் பள்ளத்திலும் உட்காராது.

எருக்குவியல் கதை அந்த ஆறுதலைத் தருவதில்லை. ஆனால் அது வேலைக்கு ஆகிறது. இலையைப் பற்றிக் கேட்டவர், வெந்நீரைப் பற்றிக் கேட்டவர், பூங்காக் குப்பையைக் கிளறியவர் என்று ஒருவரையொருவர் அறியாதவர்கள் அரை நூற்றாண்டு சேர்த்த அறிவு அது. இரும்புத் தொட்டி, 72 டிகிரி, காசு, சாக்கு சுமக்கும் ஆள் எல்லாம் இருந்தால்தான் அது நடக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

அடுத்த தடவை அந்தச் செய்தி குழுவில் வந்தால் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். எந்தப் பிளாஸ்டிக்? எவ்வளவு படிகம்? எத்தனை டிகிரியில்? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்தாலே மற்றது எல்லாம் ஓரளவு விளங்கிவிடும்.